டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்: யாருடைய ரூக்கி கார்டுகளைச் சேர்ப்பது?

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் எக்காலத்துக்கும் சிறந்த பன்னிரண்டு வீரர்களைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய ரூக்கி கார்டுகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில் அவரவருடைய முதல் அட்டையை, மட்டும் சேர்த்து ஒரே சட்டகத்தில் மாட்ட விரும்புகிறீர்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது உங்கள் கேள்வி. ஒரு வீரரின் முதல் கார்டில் அவர் வேறு அணியின் சீருடையில் இருந்தால் அதை ஏற்கலாமா என்று கடைசி வரியில் ஓர் ஐயத்தையும் எழுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அதற்கு விடை சொல்லாமல் பெயர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், பட்டியல் பாதியில் நிற்கும்போது விதியை மாற்ற வேண்டி வரும்.

கார்டுகளைப் பல ஆண்டுகளாக வாங்கியும் விற்றும், மிசிசாகாவில் நடக்கும் கண்காட்சிகளில் மற்றவர்களுக்குப் பார்த்துச் சொல்லியும் வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த வீரருக்கு எந்த ஆண்டில் முதல் கார்டு வந்தது, அவர் எத்தனை கோப்பைகளை வென்றார் என்பவை பதிவில் உள்ள செய்திகள். அவற்றை உறுதியாகச் சொல்கிறேன். ஒருவரைவிட மற்றவர் சிறந்தவர் என்று சொல்லுமிடங்களில் அது என் தீர்ப்பு மட்டுமே. விலை நாளை ஏறுமா இறங்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

ரூக்கி கார்டு என்பதை ஒரு வீரர் முதன்முதலாக ஆடிய பருவத்தின் கார்டு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சேகரிப்பாளர்களிடையே அதன் பொருள் வேறு: பரவலாக விற்கப்பட்ட ஒரு தொகுதியில் அந்த வீரர் முதன்முதலாக இடம்பெற்ற கார்டுதான் ரூக்கி கார்டு. இரண்டுக்கும் இடையே சில நேரம் ஓராண்டும், சில நேரம் பத்தாண்டும் விழுந்துவிடும். டெட் கென்னடி 1940களின் தொடக்கத்திலேயே லீஃப்ஸ் அணிக்கு வந்துவிட்டார்; அவருடைய ரூக்கி கார்டோ பார்க்ஹர்ஸ்ட் நிறுவனத்தின் 1951-52ஆம் ஆண்டுத் தொகுதியில், 86ஆம் எண்ணாக வந்தது. இரண்டாம் உலகப் போரினால் 1940களில் சூயிங்கத்தோடு விற்கப்பட்ட கார்டுகள் ஏறக்குறைய நின்றுபோயிருந்ததே காரணம். அந்த இடைவெளியில் பீஹைவ் சோளப்பாகு நிறுவனம் அஞ்சலில் அனுப்பிய வீரர்களின் புகைப்படங்கள் கிடைத்தன. அவை அழகானவைதான், ஆனால் பெரும்பாலோர் அவற்றை ரூக்கி கார்டுகளாகக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம்.

இனிச் சீருடைக் கேள்விக்கு வருகிறேன். வீரரை லீஃப்ஸ் அணிக்காக அவர் செய்ததை வைத்து மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பின், அவருடைய ரூக்கி கார்டு எந்தச் சீருடையில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். லீஃப்ஸ் சீருடை கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் ஜானி பவரை இழப்பீர்கள். 1953-54 பருவம் முழுவதும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கோல் காத்த அவருக்கு 1954-55 பார்க்ஹர்ஸ்ட் தொகுதியில், 65ஆம் எண்ணில், ரேஞ்சர்ஸ் வீரராக ரூக்கி கார்டு வெளிவந்தது. பிறகு அவர் பெரும்பாலும் சிறிய லீக்குகளிலேயே ஆடி, 1958இல், முப்பத்து நான்கு வயதை நெருங்கும்போதுதான் டொராண்டோவுக்கு வந்தார். அதன்பின் லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றார். இப்படிப்பட்ட ஒருவர் இல்லாத லீஃப்ஸ் பட்டியலை விவரம் தெரிந்தவர் எவரும் ஏற்கமாட்டார். மாறாக, வேறு அணியில் புகழ்பெற்றுவிட்டுக் கடைசிக் காலத்தில் இங்கே வந்தவர்களை இந்த விதி தானாகவே தள்ளிவிடும். டெர்ரி சாச்சக் 1967 கோப்பையில் பெரும்பங்கு வகித்தவர். ஆனாலும் அவர் டொராண்டோவில் இருந்தது மூன்று பருவங்களே, அவருடைய வாழ்க்கை டெட்ராய்டின் கதை. ரெட் கெல்லியை விடுவது இதைவிடக் கடினம்: டெட்ராய்டில் நான்கு கோப்பை, டொராண்டோவில் நான்கு கோப்பை என்று அவருடைய பெருமை சரிபாதியாகப் பிரிந்து கிடக்கிறது. பதினைந்து இடங்கள் இருந்தால் கெல்லியைச் சேர்ப்பேன், பன்னிரண்டில் சேர்க்கமாட்டேன்.

அணியின் கதை 1917இல் தொடங்கினாலும், கான் ஸ்மைத் வாங்கி மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் மாற்றியது 1927இல். அதற்கு முந்தைய செயின்ட் பேட்ரிக்ஸ் காலத்தைச் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் சேர்ப்பதில்லை. இருந்தாலும் அக்காலக் கார்டு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. பிராண்ட்ஃபோர்ட் நகரத்து வில்லியம் பேட்டர்சன் மிட்டாய் நிறுவனம் 1923-24இல் வெளியிட்ட நாற்பது கார்டுத் தொகுதியில், டொராண்டோ தடுப்பாட்டக்காரர் பெர்ட் கோர்போவின் 25ஆம் எண் கார்டு கிடைப்பது அரிதிலும் அரிது. தொகுதியை முழுமையாகச் சேர்ப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, ஒரு கார்டை மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கோர்போ நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் எக்காலத்துக்கும் சிறந்தவர் அல்லர். ஒரு கார்டின் அருமை வீரரின் பெருமையாகிவிடாது என்பதற்கு இந்த அணியின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

போருக்கு முந்தைய காலத்திலிருந்து மூவரை எடுக்கிறேன். முதலாமவர் சார்லி கோனாக்கர், 1930களில் வட அமெரிக்காவின் தலைமை ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பருவத்தின் மிகுதியான கோல்கள் என்ற சிறப்பை, சமநிலையில் பகிர்ந்துகொண்டவற்றையும் சேர்த்து, ஐந்து முறை பெற்றவர். மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் திறந்த முதல் பருவத்திலேயே, அதாவது 1932இல், கோப்பையை வென்ற அணியின் முன்னணி ஆட்டக்காரர் அவர். 1933-34இல் பல சூயிங்கம் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கார்டு வெளியிட்டதால் அவருக்கு ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ரூக்கி கார்டுகள் உண்டு. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அடுத்து சில் ஆப்ஸ், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் ஆறாம் இடம் பெற்றுத் திரும்பி, அதே ஆண்டு லீஃப்ஸ் அணியில் சேர்ந்து, அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் வாங்கியவர். 1942 இறுதிச் சுற்றில் டெட்ராய்டிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, பிறகு நான்கையும் தொடர்ந்து வென்ற அணிக்கு அவரே தலைவர். மூன்றாமவர் கோல்காப்பாளர் டர்க் புரோடா. வேறு எந்த என்.எச்.எல். அணிக்கும் ஆடாமல் ஐந்து கோப்பைகளை வென்றவர். ஆப்ஸ், புரோடா இருவரின் முதல் கார்டுகளும் 1930களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. இந்த மூன்றும்தான் உங்கள் சேகரிப்பில் தேடி அலைய வேண்டிய கார்டுகளாக இருக்கும்.

1951-52 பார்க்ஹர்ஸ்ட் தொகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போருக்குப் பிந்தைய ஹாக்கி கார்டுகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் 105 கார்டுகள், ஒன்றே முக்கால் அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரம், பின்புறம் வெறுமை. அச்சு கரடுமுரடானது, படம் நடுவில் அமைந்த கார்டு கிடைப்பதே கடினம். கார்டுகளைக் கலக்கச் சிமெண்ட் கலவை இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள், அதனால்தான் மூலைகள் இப்படி நைந்திருக்கின்றன என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, மூலைகள் நைந்திருப்பது உண்மை. ஆகவே இந்தத் தொகுதியில் குறையில்லாத கார்டுக்காகக் காத்திருக்காதீர்கள். கென்னடி இங்கேதான் கிடைக்கிறார். ஐந்து கோப்பைகள், அணித் தலைமை, 1955இல் லீக்கின் மிக மதிப்புவாய்ந்த வீரருக்கான ஹார்ட் விருது என்று அவருடைய சாதனைகள் நீள்கின்றன. அந்த விருது மீண்டும் ஒரு லீஃப்ஸ் வீரருக்குக் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே அவருடைய உயரத்தைக் காட்டும்.

இதே தொகுதியின் 52ஆம் எண் பில் பாரில்கோவுடையது. 1951 இறுதிச் சுற்றில் மாண்ட்ரியலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோலால் கோப்பை கிடைத்தது. அந்த ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போன சிறிய விமானத்தோடு அவர் காணாமல் போனார். ஆகவே, அந்தக் கோலைக் காட்டும் கார்டு குழந்தைகளின் கைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. விமானத்தின் சிதைவுகள் 1962இல்தான் கண்டெடுக்கப்பட்டன, அதே ஆண்டில்தான் லீஃப்ஸ் அடுத்த கோப்பையை வென்றது. ஐந்து பருவங்களில் நான்கு கோப்பைகள் வென்ற அணிகளில் இடம்பெற்றவர் என்றாலும், ஆட்டத்திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டில் அவருக்கு இடமில்லை என்றே சொல்வேன். கதைக்காக ஒரு கார்டு வேண்டும் என்றால், பட்டியலுக்கு வெளியே தனியாக இதை வாங்குங்கள்.

1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு கோப்பைகளின் தலைமுறைதான் உங்கள் சட்டகத்தின் நடுப்பகுதி. பவரைத் தவிர நால்வர். டிம் ஹார்டனும் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே தொகுதியில், 1952-53 பார்க்ஹர்ஸ்டில், முறையே 58, 51 ஆகிய எண்களில் இருக்கிறார்கள். ஹார்டன் என்ற பெயர் கனடாவில் இன்று காப்பிக் கடையாகிவிட்டது. கடைக்குப் பெயர் கொடுத்தவர் தம் காலத்தின் மிக வலிமையான தடுப்பாட்டக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. கடைப் பெயரின் புகழால் அவருடைய கார்டுக்கு ஹாக்கி பார்க்காதவர்களும் போட்டியிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஆம்ஸ்ட்ராங் தாய்வழியில் பூர்வகுடியைச் சேர்ந்தவர். நான்கு கோப்பைகளையும் அணித் தலைவராக ஏந்தியவர். லீஃப்ஸ் அணிக்காக அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியவர் எவருமில்லை. ஆனாலும் ஹார்டனின் கார்டைவிட அவருடைய கார்டு எளிதாகக் கைக்கு வரும், ஆகவே இந்தக் காலத்தை இவரிலிருந்து தொடங்குங்கள். ஃபிராங்க் மஹோவ்லிச் 1960-61இல் 48 கோல்கள் அடித்தவர். 1957-58 பார்க்ஹர்ஸ்ட் தொகுதியில் மாண்ட்ரியலுக்கு இருபத்தைந்து, டொராண்டோவுக்கு இருபத்தைந்து என்று இரண்டே அணிகள்தான்; அதனால் அவருடைய கார்டின் எண் டி-17 என்று எழுத்தோடு இருக்கும். எழுத்தைக் கவனிக்காமல் தேடினால், அதே எண் கொண்ட மாண்ட்ரியல் வீரர் வந்து நிற்பார்.

நான்காமவர் டேவ் கியோன், 1961-62 பார்க்ஹர்ஸ்ட், எண் 5. அவர் 1960-61இல் ஆடத் தொடங்கி அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றுவிட்டார். கார்டு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1967 கோப்பைச் சுற்றின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்ற ஒரே லீஃப்ஸ் வீரர் அவர். அணி தன் நூற்றாண்டையொட்டி 2016இல் நூறு சிறந்த வீரர்களின் வரிசையை வெளியிட்டபோது கியோனை முதலிடத்திலும், ஆப்ஸை இரண்டாவதாகவும், கென்னடியை மூன்றாவதாகவும் வைத்தது. அந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் பன்னிரண்டில் இந்த மூவரில் ஒருவர் விடுபட்டால் பார்ப்பவர் காரணம் கேட்பார்.

1970களில் எனக்கு இருவர் போதும். டேரில் சிட்லர் 1976 பிப்ரவரி 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்து, நான்கு கோலுக்கு உதவி, பத்துப் புள்ளிகள் எடுத்தார், அந்த என்.எச்.எல். சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. அவருடைய ரூக்கி கார்டு 1970-71 ஓ-பீ-சீ தொகுதியில், எண் 218. அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட சிறிய தொகுதியில் அவர் இல்லை. ஸ்வீடனிலிருந்து 1973இல் வந்து, ஐரோப்பியர்கள் இந்தக் கரடுமுரடான லீக்கில் தாக்குப்பிடிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தை லீஃப்ஸ் அணிக்காகப் பதினாறு பருவங்கள் ஆடிப் பொய்யாக்கியவர் போர்யே சால்மிங். அவருடைய 1974-75 கார்டு ஓ-பீ-சீயிலும் உண்டு, டாப்ஸிலும் உண்டு, இரண்டிலும் எண் 180. இப்படி இரண்டும் இருக்குமிடத்தில் ஓ-பீ-சீயை எடுங்கள். அது ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து நிறுவனம். கார்டின் பின்புறம் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து இருக்கும். டொராண்டோச் சிறுவர்கள் வாங்கியது அதைத்தான். லானி மெக்டொனால்டும் இதே தொகுதியில் இருக்கிறார். அவர் கோப்பையை வென்றது கால்கரியில் என்பதால் அவரை விடுகிறேன்.

அடுத்து வருவது வாதத்துக்குரிய பகுதி. மாட்ஸ் சண்டின் லீஃப்ஸ் அணிக்காக 987 புள்ளிகள் எடுத்தவர், ஆகவே அவர் உள்ளே வருவதில் ஐயமில்லை. கியூபெக் நார்டிக்ஸ் அணியில் தொடங்கியதால் அவருடைய 1990-91 ரூக்கி கார்டுகளில் கியூபெக் பெயர்தான் இருக்கும். அந்த ஆண்டு அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செட் என்று எல்லாரும் அளவின்றி அச்சிட்டுத் தள்ளினார்கள். காப்பி விலையில் வாங்கிவிடலாம். மலிவாக இருக்கிறதே என்று அவரைத் தாழ்வாக எண்ண வேண்டாம், விலை உயர்ந்த பதிப்பைத் தேடி ஓடவும் வேண்டாம். டக் கில்மரா கோனாக்கரா என்பதுதான் கடைசி இடத்துக்கான போட்டி. கில்மரின் கார்டு 1984-85 ஓ-பீ-சீ, எண் 185, செயின்ட் லூயிஸ் சீருடை. 1992-93இல் அவர் எடுத்த 127 புள்ளிகள் அணியின் பருவச் சாதனை. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதை நேரில் அனுபவித்த தலைமுறை அவரைத்தான் எடுக்கும், அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் டொராண்டோவில் உச்சத்தில் இருந்த காலம் குறுகியது. கோனாக்கரோ கிட்டத்தட்ட ஒரு பத்தாண்டு இந்த அணியின் முகமாக இருந்தார். வெண்டல் கிளார்க்கின் 1986-87 கார்டு, எண் 149, லீஃப்ஸ் சீருடையிலேயே இருக்கிறது. ரசிகர்களின் அன்பை அளவுகோலாக வைத்தால் அவர் முதல் மூன்றுக்குள் வருவார். காயங்கள் அவருடைய ஆட்டத்தைத் தின்றுவிட்டன.

ஆஸ்டன் மேத்யூஸை நான் பன்னிரண்டில் வைக்கவில்லை. திறமையில் குறைவு என்பதால் அல்ல: முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல், 2023-24இல் 69 கோல், 2022இல் ஹார்ட் விருது என்று அவருடைய எண்கள் பழையவர்கள் பலரை மிஞ்சுகின்றன. ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் கார்டு ஒவ்வொரு காயத்தோடும் ஒவ்வொரு வதந்தியோடும் விலை ஆடும். முடியாத கதையை முடிந்த கதைகளோடு ஒப்பிடுவதும் சரியாகாது. அவருடைய 2016-17 அப்பர் டெக் யங் கன்ஸ் (புதுமுக வீரர்களுக்கான வரிசை) கார்டு, எண் 201, தட்டுப்பாடானது அல்ல. பருவம் நடக்காத கோடை மாதங்களில் நிதானமாக வாங்கிப் பதின்மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது சில எச்சரிக்கைகள். 1970களின் ஓ-பீ-சீ கார்டுகள் கம்பியால் வெட்டப்பட்டவை, விளிம்பு சொரசொரப்பாகத்தான் இருக்கும். கத்தி போட்டதுபோல் நான்கு பக்கமும் மழமழவென்று இருந்தால் யாரோ பின்னால் ஓரம் நறுக்கியிருக்கக்கூடும், அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். பார்க்ஹர்ஸ்ட் 1956-57இல் கார்டே வெளியிடவில்லை. அந்த ஆண்டைக் குறிப்பிடும் பார்க்ஹர்ஸ்ட் கார்டு கண்ணில் பட்டால், அது 1990களில் பழைய பாணியில் புதிதாக அச்சிடப்பட்டது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது, பல நேரம் அவருக்கே தெரிந்திருக்காது. கார்டின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுக்கும் தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் உள்ள கார்டானாலும், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். உறைகளையே போலியாகச் செய்கிறார்கள். தரத்தைப் பொறுத்தவரை, போருக்கு முந்தைய மூன்றுக்கும் பத்துக்கு இரண்டு, மூன்று என்ற தரமே போதும், முகம் தெளிவாக இருந்தால் சரி. பார்க்ஹர்ஸ்ட் காலத்துக்கு நான்கு, ஐந்து. சிட்லரிலிருந்து அதற்குமேல் பார்க்கலாம்.

சட்டகத்தைப் பற்றிக் கடைசியாக ஒரு சொல். இந்தப் பன்னிரண்டு கார்டுகளும் ஒரே அளவில் இருக்காது. கென்னடியின் கார்டு சால்மிங்கின் கார்டில் பாதிப் பரப்புதான் இருக்கும். ஆகவே சட்டகத்தை முதலில் செய்து வைக்காதீர்கள். ஒரே தரச்சான்று நிறுவனத்தின் உறைகளாகப் பார்த்து வாங்கினால் வெளி அளவு ஏறக்குறைய ஒத்துவரும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். 1950களின் மைக்கு வெயில் ஆகாது.